கோனி தீவின் ஐந்து சென்ட் விருந்து

நியூயார்க் மாநகரின் ஐந்து பெரும் பகுதிகளுள் ஒன்றான புரூக்ளினின் தென்கோடியில், அட்லாண்டிக் மாகடலை நோக்கியபடி அமைந்திருக்கிறது கோனி தீவு. பெயரில் தீவு என்றிருந்தாலும் இன்று அது தீவன்று. நடுவே ஓடிய உப்பங்கழியின் ஒரு பகுதி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தூர்க்கப்பட்டு, கரையோடு கரை சேர்ந்துவிட்டது. மன்ஹாட்டனிலிருந்து சுரங்க இரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். வழியில் இரயில் நிலத்தடியை விட்டு வெளியேறி, வீடுகளின் மாடிகளுக்கு இணையாக உயர்ந்த பாலத்தின்மீது ஓடும். இறுதி நிலையமாகிய ஸ்டில்வெல் அவென்யூவில் இறங்கினால் முகத்தில் வீசுவது கடற்காற்று. 1920ஆம் ஆண்டு முதல் சுழன்றுவரும் இராட்சதச் சக்கரமும், 1927இல் மரத்தால் அமைக்கப்பட்ட ‘சைக்லோன்’ என்னும் உருள்வண்டிப் பாதையும் வானில் உயர்ந்து நிற்கும். 1923இல் திறக்கப்பட்ட பலகை நடைபாதை கடலோரமாக நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. அதற்கப்பால் மணலும் கடலும்.

நிலையத்திற்கு எதிரே, சர்ஃப் அவென்யூவும் ஸ்டில்வெல் அவென்யூவும் கூடும் மூலையில், பெரிய விளம்பரப் பலகைகளோடு ஒரு கடை இருக்கிறது. அங்கே கோடை நாட்களில் மக்கள் வரிசை வரிசையாக நின்று வாங்கியுண்ணும் பண்டத்தின் பெயர் ‘ஹாட் டாக்’. தமிழில் சொன்னால் ‘சூடான நாய்’. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. நாய்க்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மாட்டிறைச்சியையோ பன்றியிறைச்சியையோ நன்றாக அரைத்து, உப்பு, பூண்டு முதலியவை கலந்து, மெல்லிய குடலுறையில் அடைத்துப் புகையூட்டி வேகவைத்தால் சாசேஜ் ஆகிறது. நீண்ட பன் ரொட்டி ஒன்றை நெடுக்காகப் பிளந்து, அதனுள் அந்தச் சாசேஜைச் சூடாக வைத்து, மேலே கடுகு விழுது தடவிக் கொடுத்தால் அதுவே ஹாட் டாக்.

தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம், நாற்காலியும் வேண்டாம். நின்றபடியே உண்டு முடிக்கலாம். இத்துணை எளிய பண்டம் ஒரு பெருநாட்டின் அடையாளமாகவே ஆகிவிட்டது எங்ஙனம்? அந்தக் கதை, கையில் சிறு காசு மட்டுமே உள்ள மனிதன் அச்சமின்றி வயிறார உண்பதற்கு என்னென்ன தேவைப்பட்டன என்பதைச் சொல்லும் கதையாகும்.

பிறந்த வீடு

ஹாட் டாக்கின் பூர்வீகம் அமெரிக்கா அன்று, ஐரோப்பா. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரம் நெடுங்காலமாகவே சாசேஜுக்குப் புகழ்பெற்றது. 1562ஆம் ஆண்டு முதல் 1792ஆம் ஆண்டு வரை, தூய உரோமைப் பேரரசின் மன்னர்கள் பெரும்பாலும் அந்நகரின் புனித பர்த்தலோமேயு ஆலயத்திலேயே முடிசூட்டப்பட்டனர். முடிசூட்டு விழாவன்று ஆலயத்திற்கு அருகிலுள்ள ரோமர் சதுக்கத்தில் முழு எருதொன்று நெருப்பில் வாட்டப்பட்டு, பொதுமக்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுவது வழக்கம். அவ்வெருதின் வயிற்றினுள் சாசேஜுகளையும் நிரப்பி வாட்டுவார்களாம். பேரரசரின் விருந்தில் தெருவில் நின்ற ஏழைக்கும் ஒரு துண்டு கிடைத்தது.

ஃபிராங்க்ஃபர்ட்டில் தொழில் பயின்ற யோஹான் கேயார்க் லானர் என்னும் இறைச்சிக் கடைக்காரர், ஆஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவில் குடியேறினார். ஃபிராங்க்ஃபர்ட்டில் பன்றியிறைச்சியை மட்டுமே கொண்டு சாசேஜ் செய்வர். லானர் 1805ஆம் ஆண்டில் பன்றியிறைச்சியோடு மாட்டிறைச்சியையும் கலந்து ஒரு புதிய வகையைச் செய்தார். வியன்னா மக்கள் அதை ‘ஃபிராங்க்ஃபர்ட்டர்’ என்று அழைத்தார்கள். ஜெர்மானியரோ அதையே ‘வீனர்’, அதாவது வியன்னாக்காரர், என்று அழைத்தார்கள். இரு ஊர்களும் ஒன்றன் பெயரை மற்றொன்றுக்கு ஈந்துகொண்டதால், அமெரிக்காவில் இன்றும் இந்தச் சாசேஜ் ‘ஃபிராங்க்’ என்றும் ‘வீனர்’ என்றும் இரு பெயர்களாலும் வழங்கப்படுகிறது.

1848ஆம் ஆண்டுப் புரட்சி தோல்வியுற்ற பின்னர், அரசியல் நெருக்கடியாலும் வறுமையாலும் ஜெர்மானியர் பெருந்திரளாகக் கப்பலேறினர். 1850களில் மட்டும் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐக்கிய அமெரிக்க நாடுகளில் வந்திறங்கினர். பெட்டியில் துணிமணிகளையும், நாவில் தாய்மொழியையும் கொண்டுவந்தது போலவே, தங்கள் ஊர்ச் சமையலையும் அவர்கள் கொண்டுவந்தார்கள். நியூயார்க்கின் தெருக்களில் தள்ளுவண்டிகளில் சாசேஜும் ரொட்டியும், புளிக்கவைத்த முட்டைக்கோசும் விற்கத் தொடங்கியவர்கள் அவர்களே.

கடற்கரைக்கு வந்த வண்டி

அப்படி வந்த ஜெர்மானியருள் ஒருவர் சார்ல்ஸ் ஃபெல்ட்மன். அவர் ரொட்டி சுடுபவர். கோனி தீவின் விடுதிகளுக்கு வண்டியில் பணியாரங்கள் கொண்டுபோய் விற்றுவந்தார். கடலாட வந்தவர்கள் சூடான உணவு கேட்டார்கள். சிறிய வண்டிக்குள் அடுக்களை வைக்க இடமில்லை. 1867ஆம் ஆண்டளவில் அவர் தம் வண்டியில் ஒரு கரியடுப்பைப் பொருத்திக்கொண்டு, சாசேஜைச் சூடாக்கி, நீண்ட ரொட்டியில் வைத்துத் தந்தார் என்பது கோனி தீவின் வரலாறு. ரொட்டியில் சாசேஜ் வைத்து விற்ற முதல் மனிதர் தாங்களே என்று வேறு ஊர்களில் வேறு சிலரும் உரிமை கொண்டாடுவதுண்டு. செயின்ட் லூயிஸ் நகரில் ஒருவர், கை சுடாதிருக்கச் சாசேஜோடு வெள்ளைக் கையுறைகளைக் கொடுத்தாராம். வாங்கியவர்கள் கையுறையைத் திருப்பித் தராமலே போனதால், அதற்கு ஈடாக ரொட்டியைக் கண்டுபிடித்தாராம். கேட்கச் சுவையான கதை, சான்றுதான் இல்லை. வெவ்வேறு ஊர்களில் இருந்த பல ஏழை வியாபாரிகள் தத்தம் தேவைக்கேற்ப ஒரே வழியைக் கண்டிருக்கக் கூடும்.

ஃபெல்ட்மனின் வண்டி விரைவில் கடையாயிற்று, கடை மாளிகையாயிற்று. 1910இல் அவர் இறந்தபோது அவருடைய உணவகம் கடற்கரையில் ஒரு முழு வீதிச் சதுரத்தையே நிறைத்திருந்தது. கடல் மீன் விருந்துகள், நடன மண்டபம், குதிரை இராட்டினம், ஜெர்மானிய பாணித் தோட்டம் என்று செல்வர் விரும்புவன யாவும் அங்கிருந்தன. சாசேஜின் விலை 10 சென்ட்.

பெயரில் ஒளிந்த ஐயம்

‘நாய்’ என்ற பெயர் வந்த கதையை இங்கே சொல்ல வேண்டும். நியூயார்க்கில் பந்தாட்டம் பார்க்கச் சென்ற கேலிச்சித்திரக்காரர் ஒருவர், ரொட்டிக்குள் குட்டைக்கால் நாயை வரைந்து, அதன் ஜெர்மானியப் பெயரை எழுதத் தெரியாமல் ‘ஹாட் டாக்’ என்று எழுதிவிட்டார் என்று பல நூல்கள் சொல்லும். அந்தச் சித்திரத்தை எவரும் இன்றுவரை கண்டெடுக்கவில்லை. அக்கதை சுட்டும் காலத்திற்கு முன்பே, 1892ஆம் ஆண்டு டிசம்பரில் நியூஜெர்சி மாநிலத்தின் பேட்டர்சன் நகரச் செய்தித்தாளில் இச்சொல் வந்திருக்கிறது. 1895இல் யேல் பல்கலைக்கழக மாணவர் இதழிலும் காணப்படுகிறது. வழிபாட்டு நேரம் முழுவதும் மாணவர்கள் ஹாட் டாக்கைத் தின்றுகொண்டே இருந்ததாக அமைந்த வேடிக்கைக் குறிப்பு அது. மாணவர்கள் எக்காலத்திலும் மாணவர்களே!

ஆனால் வேடிக்கைக்கு அடியில் ஓர் அச்சம் இருந்தது. அரைத்துக் குடலில் அடைத்த இறைச்சி எந்த விலங்கினுடையது என்று உண்பவருக்குத் தெரியாது. மலிவு விலைச் சாசேஜில் நாயிறைச்சி கலந்திருக்கிறதோ என்ற ஐயம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அமெரிக்காவில் உலவியது. விற்றவர்களோ வேற்று மொழி பேசிய குடியேறிகள். அவர்கள் மீதிருந்த அவநம்பிக்கையும் ஏளனமும் அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டன. பிறர் வீட்டு உணவைப் பார்த்து முகம் சுளித்து வைத்த பட்டப்பெயர் அது.

ஐயம் முழுவதும் ஆதாரமற்றது என்றும் சொல்வதற்கில்லை. அக்காலத்தில் அமெரிக்காவின் இறைச்சித் தொழிலுக்குத் தலைநகராக விளங்கியது சிக்காகோ. அங்கே 1865இல் திறக்கப்பட்ட பெருந்தொழுவங்களுக்கு நாடெங்கிலுமிருந்து இரயிலில் கால்நடைகள் வந்து குவியும். அங்கு உழைத்தோரும் ஏழைக் குடியேறிகளே. 1906ஆம் ஆண்டில் அப்டன் சின்கிளேர் என்னும் எழுத்தாளர், லித்துவேனிய நாட்டுத் தொழிலாளி ஒருவரின் குடும்பம் அங்கே நசுங்கிச் சிதைவதை ‘தி ஜங்கிள்’ என்ற நாவலாக வெளியிட்டார். தொழிலாளரின் துன்பத்தைக் கண்டு மக்கள் மனம் இளக வேண்டும் என்பது அவர் நோக்கம். மக்களோ, அழுகிய இறைச்சியும் எலிகளும் சாசேஜில் சேர்ந்த செய்தியை வாசித்து, தங்கள் வயிற்றை எண்ணிக் கலங்கினார்கள். குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் விசாரணைக்கு ஆளனுப்பினார். அதே ஆண்டு ஜூன் 30ஆம் நாளன்று இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும், தூய உணவு மற்றும் மருந்துச் சட்டமும் நிறைவேறின. உழைப்பாளியின் கண்ணீரை விட உண்பவரின் அச்சமே விரைந்து சட்டமாயிற்று என்பது சிந்திக்கத்தக்கது. எனினும், மலிவான உணவும் தூய்மையான உணவாக இருக்க வேண்டும் என்னும் நீதி அன்று ஏட்டில் ஏறியது.

சட்டம் ஒரு புறம் காத்தது என்றால், சமய ஒழுங்கு மறுபுறம் காத்தது. நியூயார்க்கில் குடியேறிய யூதர்கள் பன்றியிறைச்சி உண்பதில்லை. தங்கள் விதிப்படி அறுத்து, மேற்பார்வையாளர் பார்த்து ஒப்பிய மாட்டிறைச்சியைக் கொண்டு மட்டும் அவர்கள் சாசேஜ் செய்தார்கள். அதில் என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு சமூகத்தின் மனச்சாட்சியே சாட்சியாக இருந்தமையால், யூதரல்லாதவரும் அதை நம்பி வாங்கலாயினர். நோன்பும் விலக்கும் அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். அமெரிக்கக் கத்தோலிக்கரும் 1966ஆம் ஆண்டில் ஆயர்கள் ஒழுங்கை மாற்றும் வரை, ஆண்டு முழுவதும் வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம் அனுசரித்தவர்கள்தாம். மற்ற நாட்களில் நாவூறச் செய்த கடைகளை அவர்கள் அன்று பார்த்தும் பாராததுபோல் கடந்துபோக வேண்டியிருந்தது.

ரொட்டி பிளந்த இளைஞர்

கோனி தீவுக்குத் திரும்புவோம். ஃபெல்ட்மனின் பெரிய உணவகத்தில் ரொட்டி பிளக்கும் வேலைக்கு ஓர் இளைஞர் சேர்ந்திருந்தார். பெயர் நேதன் ஹேண்ட்வெர்க்கர். அன்று ஆஸ்திரியப் பேரரசிலும் இன்று போலந்திலும் அடங்கிய கலீசியாப் பகுதியில், செருப்புத் தைக்கும் ஏழை யூதர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பிள்ளைகள் பலர், உணவோ சிறிது. 1912இல் நியூயார்க் வந்திறங்கினார். காசைச் சேமிப்பதற்காக ஃபெல்ட்மன் கடைச் சாசேஜையே உண்டு, அடுக்களைத் தரையிலேயே படுத்துறங்கினார் என்பர். சேமித்த 300 டாலரை முதலாக வைத்து, 1916ஆம் ஆண்டில் பழைய முதலாளியின் உணவகத்திற்குச் சற்றுத் தொலைவில் தம் சிறு கடையைத் திறந்தார். பின்னாளில் அவர் மனைவியான ஐடாவும் கடையில் அருகிருந்து உழைத்தார். ஐடாவின் பாட்டி கையாண்ட மசாலைக் கலவையே அவர்களுடைய சாசேஜுக்குச் சுவையூட்டியது என்று அக்குடும்பத்தார் கூறுவர்.

நேதன் வைத்த விலை 5 சென்ட். ஃபெல்ட்மன் விலையில் பாதி. மக்கள் ஓடி வந்திருக்க வேண்டுமே? வரத் தயங்கினார்கள். பத்து சென்ட் பண்டத்தை ஐந்து சென்டுக்கு ஒருவன் கொடுத்தால், அதில் என்னதான் கலந்திருக்கிறானோ என்ற பழைய ஐயம் தலைதூக்கியது. அப்போது நேதன் சிலருக்கு மருத்துவர் அணியும் வெள்ளை அங்கியை அணிவித்துத் தம் கடைமுன் நின்று உண்ணச் செய்தார் என்றும், மருத்துவர்களே உண்கிறார்கள் என்று கண்டு மக்கள் துணிந்தார்கள் என்றும் ஒரு கதை அங்கே நெடுங்காலமாக வழங்குகிறது. கதையின் உண்மை எவ்வாறாயினும், மலிவு விலை மட்டும் போதாது, நம்பிக்கையும் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்பது தெளிவு. வெள்ளை அங்கி ஒரு நாள் கூட்டம் சேர்க்கலாம். ஐம்பது ஆண்டுகள் சேர்க்காது. அதைச் செய்தது, அன்றாடம் கண்ணெதிரே சூடாக வாட்டித் தந்த தரமான மாட்டிறைச்சிச் சாசேஜ்.

காலமும் கைகொடுத்தது. 1920இல் சுரங்க இரயில் கோனி தீவின் கரை வரை முழுமையாக வந்துசேர்ந்தது. கட்டணம் அதே 5 சென்ட். அதற்கு முன் கடற்கரை உல்லாசம் பெரும்பாலும் வசதி படைத்தோர்க்கே உரியதாக இருந்தது. இப்போது காற்றோட்டமற்ற அடுக்குக் குடியிருப்புகளில் வெந்துகொண்டிருந்த தையல் தொழிலாளியும் சுமைகூலியும், ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளை குட்டிகளோடு கடல் காண முடிந்தது. ஐந்து சென்டில் பயணம். ஐந்து சென்டில் உணவு. இத்தாலியரும் அயர்லாந்தியரும் யூதரும் போலந்தியரும் கறுப்பின மக்களும் ஒரே கடைமுன் தோளோடு தோள் இடித்து நின்றார்கள். கோடை ஞாயிறுகளில் அக்கடற்கரையில் கூடியவர் தொகை பத்து இலட்சத்தைத் தொட்டதாக அக்காலச் செய்தித்தாள்கள் எழுதின. முதலாளியின் மாளிகை 1954இல் மூடப்பட்டது; வேலையாளின் மூலைக்கடை நிலைத்தது. நேதன் 1974இல் காலமானார்.

அரசர் உண்ட உணவு

1939ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டிஷ் அரசர் ஆறாம் ஜார்ஜும் அரசி எலிசபெத்தும் அமெரிக்கா வந்திருந்தார்கள். அரியணையிலிருந்த பிரிட்டிஷ் மன்னர் அந்நாட்டில் காலடி வைத்தது அதுவே முதன்முறை. ஐரோப்பாவில் போர்மேகம் சூழ்ந்திருந்த நேரம். நியூயார்க் மாநிலத்தின் ஹைடு பார்க்கிலுள்ள தம் தோட்ட இல்லத்தில், குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அவர்களுக்குப் பகல் விருந்தளித்தார். அந்த விருந்தில் ஹாட் டாக்கும் இருந்தது. அரசருக்கு இதையா கொடுப்பது என்று தலைவரின் அன்னையார் வருந்தினார். நாட்டின் மானம் போய்விடும் என்று சிலர் கடிதமும் எழுதினார்கள். திருமதி எலினார் ரூஸ்வெல்ட் அசையவில்லை. அரசர் கையாலேயே எடுத்துச் சுவைத்து உண்டார் என்பது மறுநாள் செய்தித்தாள்களில் பெருஞ்செய்தி. இரு நாடுகளும் நெருங்கி வர அந்த எளிய உணவு தன்னாலானதைச் செய்தது.

ஐயத்துக்குள்ளான குடியேறியின் உணவு அரசரின் தட்டை அடைந்த பயணத்தினூடே, ஊர்தோறும் அது புதுக்கோலம் பூண்டது. டெட்ராயிட் நகரில் கிரேக்க நாட்டுக் குடியேறிகள் 1917 முதல் அதன்மீது காரமான இறைச்சிக் குழம்பை ஊற்றி, ‘கோனி தீவு’ என்றே பெயரிட்டு விற்கிறார்கள். சிக்காகோவில் 1930களின் பொருளாதார வீழ்ச்சியின்போது, தக்காளி, வெங்காயம், ஊறுகாய் வெள்ளரி, மிளகாய் ஆகியவற்றை அதன்மேல் குவித்து, ஒரே ஹாட் டாக்கை முழு உணவாக்கிச் சில காசுக்கு விற்றார்கள். வேலையற்றவர்களுக்கு அதுவே பகலுணவு. அமெரிக்காவிற்கு வெளியே ஐஸ்லாந்தின் தலைநகராகிய ரெய்க்யாவிக்கிலும், ஆட்டிறைச்சி கலந்த ஹாட் டாக்கை 1937 முதல் விற்றுவரும் புகழ்பெற்ற கடை ஒன்றுண்டு.

இன்று

இன்றைய கோனி தீவு பழைய கோனி தீவன்று. ஃபெல்ட்மனின் மாளிகை இருந்த நிலம் பொழுதுபோக்குப் பூங்காவாகிவிட்டது. 2012 அக்டோபரில் வீசிய சாண்டிப் புயலில் கடல் பொங்கிக் கடைகளுக்குள் புகுந்தது. நேதன் கடையும் பாழாகி, 2013 மே மாதத்தில் மீண்டும் திறக்கப்பட்டது. அமெரிக்க விடுதலை நாளாகிய ஜூலை 4 அன்று நாடு முழுவதும் 15 கோடி ஹாட் டாக் உண்ணப்படுவதாக அத்தொழிலுக்குரிய சங்கம் மதிப்பிடுகிறது.

அதே நாளில் நேதன் கடைமுன் உண்ணும் போட்டி ஒன்று நடைபெறுகிறது. 1916 முதலே நடந்துவருவதாகச் சொல்லப்பட்ட அப்போட்டி, உண்மையில் 1970களின் தொடக்கத்தில் விளம்பரத்திற்காகத் தோன்றியது என்று அதற்குப் பொறுப்பாயிருந்தவரே பின்னர் ஒப்புக்கொண்டார். 2021இல் ஒருவர் பத்தே நிமிடத்தில் 76 ஹாட் டாக்கை விழுங்கினார். பசித்தவன் ஐந்து சென்டுக்கு வயிறாற வேண்டும் என்று தொடங்கிய இடத்தில், பசியில்லாதவன் வயிறு வெடிக்க விழுங்குவதைக் கூட்டம் கூடி ஆர்ப்பரிப்பது மனத்தை உறுத்துகிறது.

மருத்துவர்களும் எச்சரிக்கின்றனர். பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கவல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு 2015இல் அறிவித்தது. நாள்தோறும் 50 கிராம் அளவு உண்போருக்குப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 விழுக்காடு கூடுகிறது. 50 கிராம் என்பது ஏறத்தாழ ஒரு சாசேஜின் எடை. சிறு குழந்தைகளின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் உணவுகளுள் முதன்மையானது ஹாட் டாக்கே என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2010இல் எச்சரித்தது. வட்டவட்டமாக நறுக்காமல், முதலில் நீளவாக்கில் பிளந்து, பின்னர் சிறு துண்டுகளாக்கிக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் தரும் அறிவுரை. அயல்நாடுகளில் வாழும் பிள்ளைகளுக்கும் பேரக்குழந்தைகளுக்கும் இதை எழுதியனுப்புவது நன்று.

ஆகவே, இந்தப் பண்டத்தை அன்றாட உணவாக்கிக்கொள்ளும்படி எவரையும் தூண்டுவதற்கில்லை. ஆயினும் அதன் வரலாறு நம் இல்லங்களில் பேசத்தக்கது. கூலி வாங்கிவந்து கையிலுள்ள சில்லறையை எண்ணிப் பார்த்து உணவுக்கடைமுன் நிற்கும் மனிதனுக்கு மலிவு விலை வேண்டும். அதைவிட, தனக்கு விற்கப்படுவது தூய்மையானது என்ற உறுதி வேண்டும். விற்பவரின் நேர்மையும், நாட்டின் சட்டமும், வாங்குபவரின் விழிப்பும் மூன்றும் சேர்ந்தாலன்றி அந்த உறுதி பிறப்பதில்லை. ஊர்விட்டு ஊர் வந்து தெருவோரத்தில் அடுப்பு மூட்டும் அந்நியரைக் கண்டால், அவருடைய உணவுக்குப் பட்டப்பெயர் சூட்டுமுன் ஒரு கணம் நிதானிப்போம். அரசர்க்கு விருந்தான உணவையும் ஒரு காலத்தில் மக்கள் நாயென்று நகைத்தார்கள்.